முத்தும் புற்றும்

சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகிறது என்பது முன்னோர் நம்பிக்கை. முத்துச் சலாபத்தால் பெயர் பெற்ற நம் தூத்துக்குடியில், 1973-ஆம் ஆண்டில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மனித முயற்சியால் முத்தினை விளைவித்துக் காட்டினர். ஒரு சிப்பியின் ஓட்டிற்கு உட்புறமாகப் படர்ந்துள்ள மெல்லிய சதையினின்று சிறு துண்டொன்றை நறுக்கி, உருண்டை மணி ஒன்றுடன் மற்றொரு சிப்பியின் உடலுள் வைப்பர். அத்துண்டிலுள்ள உயிரணுக்கள் பெருகி, மணியைச் சுற்றி ஒரு பையாகின்றன. மணி முழுதும் மூடப்பட்டதும் பெருக்கம் அடங்குகிறது. முத்துப்பொருளைச் சுரக்கும் பணி தொடர்கிறது.

பெருகவும் வேண்டும், உரிய இடத்தில் நிற்கவும் வேண்டும். நம் காயங்கள் ஆறுவதும் இவ்வாறே. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாத உயிரணுக்களின் பெருக்கமே புற்றுநோய். இதனை முன்வினைப் பயன் என்று கூறி வாளாவிருப்போர் இன்றும் உளர். ஆயின், அறிவியல் இதற்குக் காரணம் கண்டிருக்கிறது.

உயிரணுவின் உட்கருவில் மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் சில உயிரணுவைப் பெருகத் தூண்டுபவை. சில பெருக்கத்தைத் தடுப்பவை. தூண்டுபவை ஓயாது இயங்கி, தடுப்பவை பழுதுபடும்போது புற்றுக்கு வழி பிறக்கிறது. இது பெரும்பாலும் ஒரே நாளில் நேர்வதன்று; பல ஆண்டுகளில் பழுதின்மேல் பழுதாகச் சேர்வது. புகையிலையிலுள்ள நச்சுப்பொருள்கள் இம்மரபணுக்களைச் சிதைக்கின்றன. சில வைரஸ்களும் அவ்வேலையைச் செய்கின்றன.

1911-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பேட்டன் ரூஸ், கோழியின் கட்டியொன்றை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியாக்களும் புகமுடியாத நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை வேறு கோழிகளுக்குச் செலுத்தியபோது அவற்றிலும் கட்டி தோன்றியது. அதன் காரணம் ஒரு வைரஸ் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல்தான்! 1976-இல் பிஷப், வார்மஸ் ஆகியோர் மற்றொரு வியப்பைக் கண்டனர். அவ்வைரஸிலிருந்த தீய மரபணு, கோழியின் நல்ல உயிரணுவிலிருந்தே முன்பு பெறப்பட்டதாம்! உயிரணுவை வளர்க்கும் மரபணுவே நெறி பிறழ்ந்தால் பகையாகிறது.

மனிதரிடத்து இதற்குச் சிறந்த சான்று கருப்பைவாய்ப் புற்றுநோய். நம் நாட்டுப் பெண்களிடையே மார்புப் புற்றுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதற்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16, 18 ஆகிய வகைகளை 1983, 1984-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் குழுவினர் கண்டறிந்தனர். 2008-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். இந்நோயில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது இவ்விரு வகைகளால் விளைவன.

இவ்வைரஸ் இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. ஈ-6 என்பது, பழுதுற்ற உயிரணுவை நிறுத்தும் பி-53 என்னும் காவற் புரதத்தை அழிக்கிறது. ஈ-7 என்பது, பெருக்கத்தை அடக்கும் ஆர்.பி. என்னும் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. காவலும் போயிற்று, கடிவாளமும் போயிற்று!

எனினும் அஞ்ச வேண்டா. இவ்வைரஸ் உடலுறவின் வழிப் பரவுவது. மிகப் பலருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுவது. ஆகவே இதில் இழிவு ஏதுமில்லை. பெரும்பாலோர் உடலினின்று ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். நீங்காது தங்கிய சிலரிடத்தும் புற்றாக முதிரப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். புற்றுநோய் நோயாளியைத் தொடுவதாலோ உடன் உண்பதாலோ பரவாது.

அந்த நீண்ட இடைவெளியே நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. புளிக்காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் காணும் எளிய சோதனை அது. குறை கண்டவர்க்கு மருத்துவமும் அளித்தனர். 2007-இல் வெளியான முடிவின்படி, ஒரே ஒரு முறை செய்த அச்சோதனையால் நோய் நூற்றுக்கு 25 பங்கும், இறப்பு 35 பங்கும் குறைந்தன.

இன்று தடுப்பூசியும் உண்டு. புனே நகரில் உருவான இந்தியத் தடுப்பூசி 2023-இல் வெளிவந்தது. வைரஸ் தொற்றுமுன், 9 முதல் 14 வயதிற்குள் சிறுமியர்க்கு இடுதல் சிறந்தது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடுப்பூசி இட்டுக்கொண்டவரும் பிற்காலத்தில் சோதனையைக் கைவிடலாகாது.

நாணமும் அச்சமும் காரணமாக நம் தாய்மார் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். ஆசிரியர் பலர் இப்பாடத்தைக் கூறத் தயங்கிக் கடந்துவிடுவதையும் நான் அறிவேன். கற்ற நீங்கள் தயங்கலாகாது. முப்பது வயதைக் கடந்த உங்கள் அன்னையரும் அத்தையரும் சோதனை செய்துகொண்டனரா என்று இன்றே கேளுங்கள். இல்லையெனில் உடன் அழைத்துச் செல்லுங்கள்.