மாட்டுக்கு வலி ஊசியா? மருந்தின் பெயரைக் கேளுங்கள்

இயக்கக் கூட்டங்களில் மாடு பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இயற்கை விவசாயம் பண்றவன் மாட்டுக்கு இங்கிலீஷ் ஊசி போடலாமுங்களா?" போடலாம் என்பதுதான் என் பதில். வாயில்லா ஜீவனை வலியில் துடிக்கவிட்டு நம் கொள்கையைக் காப்பாற்ற வேண்டியதில்லை. இயற்கைச் சான்றிதழ் விதிகளே அதற்கு இடம் தருகின்றன. ஊசிக்குப் பிறகு பாலை நிறுத்தும் நாட்களை மட்டும் இரண்டு மடங்காக்கச் சொல்கின்றன. என் கவலை வேறு. என்ன மருந்து, எதற்குப் போடுகிறார்கள் என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை.

நான் இருப்பது சத்தியமங்கலத்துக்கு மேற்கே, மாயாறு வந்து பவானிசாகர் அணையில் சேரும் பக்கம். இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் பாறு கழுகுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. பிணந்தின்னிக் கழுகு என்போமே, அதுதான். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு மூன்றும் இங்கே உண்டு. என் தாத்தா காலத்தில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பொழுது சாய்வதற்குள் எலும்புதான் கிடக்குமாம். இன்று நாய்தான் இழுத்துக்கொண்டு திரிகிறது.

நாடு முழுக்க இதே கதைதான். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோனது. பூச்சிமருந்தா, நோயா என்று பலரும் தேடினார்கள். பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறுகளை அறுத்துப் பார்த்தவர்கள் 2004-இல் காரணத்தைச் சொன்னார்கள். அது டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட ஊசி. அந்த மாடு ஓரிரு நாளில் செத்தால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து மிச்சமிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல உறுப்புகள் மேல் படிந்து, சில நாட்களில் செத்துவிடும். 130 பிணத்தில் ஒன்றில், ஏன், 760-இல் ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு அழிவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிணத்தைச் சுற்றி ஒரு கூட்டமே உட்காரும் பறவை அல்லவா!

2006-இல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தடை ஆனது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி பாட்டில் மருந்துக்கடையில் கிடைத்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் மனித ஊசியை 3 மில்லி ஆம்பியூலாகச் சுருக்கினார்கள். 2023-இல் கீட்டோப்ரொஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும், பெயர்தான் வேறு. அடுத்து நிமசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஃப்ளூனிக்சின் இன்னும் கடையில் இருக்கிறது, அதுவும் பாறுக்கு ஆகாது.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது, ஊசி நம் தொழுவத்தில் நடக்கிறது. போன வருசம் பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் ஜெர்சி கலப்பு மாடு மூன்றாவது ஈத்து ஈன்ற மறுநாள் எழவில்லை. நான் போனபோது ஊசி போடுகிறவர் வந்து நாலு ஆம்பியூலை உடைத்து ஒரே சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். "கன்னு போட்டதுல இடுப்பு வலிங்க, இது போட்டா எந்திரிச்சிரும்" என்றார். ஆம்பியூலை வாங்கிப் பார்த்தேன். மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக்.

"அண்ணா, கொஞ்சம் பொறுங்க. டாக்டரம்மாவைக் கூப்பிடலாம்" என்றேன். அண்ணனுக்கு என்மேல் கோபம்தான். "மாடு கண்ணு முன்னால சாகுது, நீ கழுகப் பத்திப் பேசறயா?" என்றார். நியாயமான கோபம். எழுபதாயிரம் ரூபாய் மாடு அது. அவர் மகள் கல்லூரிக் கட்டணம் அந்தப் பாலில் இருந்து போகிறது.

கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் வந்தார். மாடு கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. "காதைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கு. இது வலி இல்லீங்க, பால் காய்ச்சல். ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து இறங்கிருச்சு" என்றார். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, நெஞ்சில் கை வைத்துத் துடிப்பைப் பார்த்தபடியே மெதுவாக நரம்பில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் மாடு எழுந்து நின்றது. வலி ஊசியை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் மாடும் போயிருக்கும், ஓடைக்கரையில் கிடக்கும் அந்தப் பிணத்தால் பாறும் போயிருக்கும்.

வலி ஊசி உண்மையாகவே தேவைப்படும் நேரமும் உண்டு. கொம்பு முறிவு, கால் சுளுக்கு, காய்ச்சலோடு வரும் மடிநோய். மடிநோயின் தொடக்கத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொன்ன பூச்சு, அதாவது கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்துப் பூசுவது, எங்கள் வீட்டில் நன்றாகவே கேட்கிறது. ஆனால் மாடு தீனி எடுக்காமல் நடுங்கும்போது பூச்சை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அப்போது கேட்க வேண்டிய பெயர் மெலோக்சிகாம். பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துப் பார்த்து, தீங்கில்லை என்று 2006-இல் உறுதி செய்த மருந்து. இந்தச் சோதனையில் ஐசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. டோல்ஃபெனாமிக் அமிலமும் பிறகு பாதுகாப்பானது என்று தெரிந்தது. "மெலோக்சிகாம் போடுங்க சார்" என்று சொன்னால் எந்த மருத்துவரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பாறுக்கு நல்லது என்பதால் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடக் கூடாது. இது மருத்துவர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டிய மருந்து. பொதுவான அளவு கிலோ எடைக்கு அரை மில்லிகிராம், ஒரே முறை. 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். மாட்டின் உடம்பில் இது மெதுவாகத்தான் கரையும், ஒரு ஊசி இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாளே "இன்னும் நொண்டுது" என்று இன்னொன்று ஏற்றினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். கழிச்சலில் நீர்வற்றிக் கிடக்கும் மாட்டுக்கும், ஏற்கெனவே வேறு வலி ஊசியோ டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோ போட்ட மாட்டுக்கும் ஆகாது. ஆகவே முன்பு வந்தவர் என்ன போட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

பால் விஷயம். ஐரோப்பாவில் இந்த ஊசிக்குப் பின் ஐந்து நாள் பால் எடுக்கக் கூடாது என்பது விதி. நமக்கு இரட்டிப்பு, அதாவது பத்து நாள். என் பர்கூர் மாட்டுக்குக் கொம்பு முறிந்தபோது பத்து நாள் பாலும் உரக்குழிக்குத்தான் போனது. வீட்டில் முணுமுணுப்புதான். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றையும் தொழுவத்துச் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதிவைக்கிறேன். காலி பாட்டிலின் லேபிளையும் கிழித்து அதிலேயே ஒட்டிவிடுவேன். சான்றிதழ் ஆய்வாளர் முதலில் கேட்பதும் அந்த நோட்டைத்தான்.

மாடு செத்துவிட்டால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு. கடைசி ஒரு வாரத்தில் மெலோக்சிகாமும் டோல்ஃபெனாமிக்கும் தவிர வேறு வலி ஊசி ஏறியிருந்தால் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். என்ன போட்டார்கள் என்றே தெரியாவிட்டாலும் அப்படித்தான். காட்டோரத்தில் புலி அடித்த மாட்டில் விஷம் தடவுவது இதைவிடப் பெரிய கொடுமை, அதைத் தனியாக எழுத வேண்டும். ஊசியும் தொற்றுநோயும் இல்லாமல் முதுமையில் செத்த மாடு, வனத்துறை சம்மதித்தால், பாறுக்கு நல்ல இரை. எங்கள் பக்கம் அவசரத்துக்கு 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. அந்த எண்ணையும் நோட்டின் அட்டையிலேயே எழுதியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் இப்போது ஒரு நோட்டு வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார்.