வாத்தியத்துக்கு முன் ஆசிரியர்
ஷ்வேப்யிதாவைச் சேர்ந்த தந்தை ஒருவரின் கேள்வியும் எமது பதிலும்

"மகளுக்கு ஒன்பது வயது. பியானோ பழகவேண்டும் என்று கேட்கிறாள். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இரண்டு முறை முகாம் மாற்றிவிட்டார்கள். ஆசிரியர் ஒருவரைத் தேடிப்பிடித்து வகுப்பைத் தொடங்கிய பின் மூன்றாம் முறையும் மாற்றினால் என்ன செய்வது? பழைய பியானோ ஒன்றை ஒருவர் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார். அதை முதலில் எடுத்துவைக்கலாமா?"

இவ்வாறு எமக்கு எழுதியிருப்பவர் மியன்மாரிலிருந்து வந்த தமிழர். யாங்கோன் நகரின் வடமேற்கு ஓரத்திலுள்ள ஷ்வேப்யிதாவில் பிறந்தவர். எமது வாசகர்களிற் பலர் இந்த ஊரின் பெயரை இன்றுதான் முதன்முதலாகப் படிப்பார்கள். ஆயினும் அவருடைய கேள்வி எம்மவர் வீடுகள் பலவற்றில் எழுகின்ற கேள்வியே. ஆகையால் அவருக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பாமல், யாவருக்கும் பயன்படும் வண்ணம் இங்கே எழுத எண்ணினோம்.

ஷ்வேப்யிதா என்னும் பெயரிலுள்ள 'ஷ்வே' பர்மிய மொழியிற் பொன்னைக் குறிக்கும். பெயரிற் பொன் இருந்தாலும் அது தொழிலாளர் வாழும் புறநகர். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. தொழிற்சாலைகள் அங்கே உண்டு. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அவ்வாண்டு மார்ச் 14 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட முதற் பகுதிகள் ஷ்வேப்யிதாவும் ஆற்றுக்கு அப்பாலுள்ள லைங்தாயாவும் ஆகும்.

அந்நாட்டுத் தமிழருக்கு இடப்பெயர்வு புதிதன்று. 1931 இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பின்படி ரங்கூன் நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். அவர்களுள் தமிழரும் பெருந்தொகையினர். 1942 இல் யப்பானியப் படை நெருங்கியபோது பல இலட்சம் மக்கள் இந்தியா நோக்கிப் புறப்பட்டனர். கால்நடையாகக் காடு மலை கடந்தவர்களும், வழியில் மாண்டவர்களும் பலர். 1964 இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் தேசியமயமாக்கப்பட்டபோது மீண்டும் பெருந்தொகையானோர் கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்தின் எதிரேயுள்ள பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கியதே. ஒவ்வொரு முறையும் வீடும் தளபாடமும் பின்னால் நின்றுவிட்டன. கையில் இருந்த தொழில் மட்டுமே கூடவந்தது.

இதனை நாம் முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாத்தியம் தளபாடத்தைச் சேர்ந்தது; வாசிப்பு கைத்தொழிலைச் சேர்ந்தது. எமது பதில் முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

பர்மிய அரண்மனைக்கு வந்த பியானோ

பர்மாவுக்குப் பியானோ வந்த வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மண்டலேயில் மிண்டோன் மன்னர் ஆண்ட காலத்தில், இத்தாலியத் தூதர் ஒருவரின் அன்பளிப்பாக அது அரண்மனையை அடைந்தது என்பர். அரண்மனை இசைவாணர் அதனைத் தாம் அறிந்த முறையிலேயே அணுகினர். மூங்கிற் பலகைகளால் ஆன 'பத்தலா' என்னும் வாத்தியத்தை இரு கோல்களால் வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். கோல்களுக்குப் பதிலாக இரு கைகளின் விரல்களையும் மாறிமாறி வைத்துப் பியானோவில் தம் நாட்டுப் பாடல்களை எழுப்பினர். 'சந்தயா' என இன்று அங்கே வழங்கும் பர்மியப் பியானோ மரபு இவ்விதம் வளர்ந்தது.

ஆசிரியர் இன்றியே அவர்கள் கற்றார்களே என்று வாசகர் கேட்கலாம். உண்மை வேறு. இசையை அவர்கள் தம் குருமாரிடம் முன்னரே கற்றிருந்தனர். புதிதாக வந்தது பெட்டி மட்டுமே.

எமது பக்கத்திலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். சென்னையை அடுத்த மணலியிற் செல்வந்தர் ஒருவரின் ஆதரவில், ஐரோப்பியர் ஒருவரிடம் அவர் வயலின் கற்றார். கற்ற பின்னரே அதை எமது இராகங்களுக்கு வசப்படுத்தினார். அந்நிய வாத்தியத்துக்கு அந்நிய ஆசிரியரிடம் போவதில் அந்தக் குடும்பத்துக்குக் கூச்சம் இருக்கவில்லை. எமக்கும் இருக்கவேண்டியதில்லை.

மயிலாப்பூர் அறை

தனியார் இசையாசிரியர் ஒருவரால் என்ன செய்யமுடியும் என்பதற்கு எம் காலத்துச் சான்று சென்னை மயிலாப்பூரிலே உண்டு. தன்ராஜ் மாஸ்டர் என அழைக்கப்பட்டவர் அங்கே ஒரு விடுதி அறையில் இருந்தவாறே பியானோ, கித்தார், மேலைத்தேய இசைக்குறியீடு ஆகியவற்றைக் கற்பித்தார். 1968 அளவில், தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அவரிடம் சேர்ந்தார். அவரே இளையராஜா. பின்னாளில் ஏ. ஆர். ரகுமானும் அவரிடம் பயின்றார்.

ரகுமானின் இளமைக் கதையில் எமது கேள்விக்குத் தொடர்பான இன்னொரு செய்தியும் உண்டு. தந்தையார் ஆர். கே. சேகர் 1976 இல் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்தே அந்தக் குடும்பம் சில காலம் பிழைத்தது. வாத்தியம் வாடகைக்குப் போகும், வாடகைக்கு வரும். சொந்தமாக வாங்கிவைத்தாற்றான் கற்கமுடியும் என்பதில்லை.

யாழ்ப்பாணத்தவர்க்கு நினைவூட்டவேண்டிய பெயரும் ஒன்று உண்டு. வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தவர். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. வீட்டை விட்டுப் போனார்கள். தந்தை பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை விடவில்லை. வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரையும் உலகம் பின்னர் அறிந்தது.

ஆசிரியரை எங்கே தேடுவது?

நகராட்சியிடமிருந்து தொடங்குவதே நன்று. நோர்வேயில் ஒவ்வொரு நகராட்சியும் பிள்ளைகளுக்கு இசை, கலைப் பாடசாலை வசதி அளிக்கவேண்டும் என்பது சட்டம். இடத்துக்குக் காத்திருக்க நேரலாம். ஆகையால் விண்ணப்பத்தை உடனே போட்டுவிடவேண்டும். ஜேர்மனியில் நகரங்களின் 'மியூசிக்சூல' பலவற்றிற் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு. அத்துடன் 'பில்டுங் உண்ட் டைல்ஹாபே' என்னும் உதவித் திட்டத்தின்கீழ், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் இசை வகுப்பு, விளையாட்டுக் கழகம் போன்றவற்றுக்கு மாதம் 15 யூரோ கேட்கலாம். அகதி உதவிப்பணம் பெறும் குடும்பத்துப் பிள்ளைகளும் இதற்கு உரியவர்கள். கேட்காதவருக்கு எவரும் வலியக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. பிரான்சில் நகராட்சிக் 'கொன்செர்வத்துவார்' பலவற்றிற் கட்டணம் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப அமையும். இங்கிலாந்திற் பாடசாலை ஊடாக 'மியூசிக் ஹப்' அமைப்பை விசாரித்தால், சலுகைக் கட்டண வகுப்பும் சில இடங்களில் இரவல் வாத்தியமும் கிடைக்கும். ரொறன்ரோவிற் பொது நூலகமே வாத்தியங்களை இரவல் தருகிறது.

இவற்றில் இடம் கிடைக்காவிடில் தனியார் ஆசிரியரைத் தேடவேண்டும். அருகிலுள்ள தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவரைக் கேளுங்கள். அவரே கற்பிப்பவராக இருக்கலாம், அல்லது கற்பிப்பவரை அறிந்தவராக இருப்பார். பிள்ளையின் பாடசாலை இசையாசிரியரைக் கேளுங்கள். இசைக் கல்லூரி உள்ள நகரமாயின் அதன் இறுதியாண்டு மாணவர் குறைந்த கட்டணத்திற் கற்பிப்பதுண்டு. தமிழ்ப் பாடசாலையில் ஏற்கனவே பியானோ பழகும் பிள்ளையின் தாயாரைக் கேட்பது எல்லாவற்றிலும் நன்று. அவர் ஆசிரியரின் குணத்தையும் சேர்த்தே சொல்வார்.

முதல் வகுப்பிற் கவனிக்கவேண்டியவை

பல ஆசிரியர்கள் ஒரு வகுப்பைப் பரீட்சார்த்தமாக எடுக்கச் சம்மதிப்பார்கள். அதனைக் கேட்டுப்பெறுவதில் தவறில்லை. அந்த அரைமணி நேரம் நீங்களும் அதே அறையில் இருங்கள். பெற்றோர் கூட இருப்பதை விரும்பாத ஆசிரியரிடம் சிறு பிள்ளையை விடவேண்டாம். பிள்ளைகளுடன் பணிபுரிவோர் பெறும் பொலிஸ் நற்சான்று உள்ளதா என வினவுங்கள். இந்நாடுகளில் அது அவமரியாதையான கேள்வியன்று.

அந்த நேரத்தில் ஆசிரியரே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாரா, பிள்ளையை வாசிக்க விட்டாரா என்று பாருங்கள். பிள்ளை பிழைவிட்டபோது அவர் முகம் எப்படி மாறியது என்று பாருங்கள். கையின் நிலையையும் இருக்கையின் உயரத்தையும் திருத்தினாரா? வீட்டுக்கு என்ன பயிற்சி என்று தெளிவாகச் சொன்னாரா? சுவரிலே தொங்கும் பட்டங்களை விட இவை முக்கியமானவை.

கட்டணம் வகுப்புக்கா, மாதத்துக்கா, பிள்ளை நோயுற்றால் என்ன முறை, நிறுத்துவதாயின் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். முகாம் மாறக்கூடியவர்கள் பல மாதப் பணத்தை ஒரேயடியாகக் கட்டவேண்டாம்.

பரீட்சை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 1889 இல் இலண்டனில் நிறுவப்பட்ட ஏபிஆர்எஸ்எம் என்னும் அரச இசைக்கல்லூரிகளின் பரீட்சைச் சபையும், திரினிற்றி கல்லூரியும் பல நாடுகளில் எட்டுத் தரங்களிற் பரீட்சை நடத்துகின்றன. ஒரு நாட்டிற் பெற்ற தரத்தை இன்னொரு நாட்டு ஆசிரியரும் விளங்கிக்கொள்வார். எம் போன்றோருக்கு அதுவே அதன் பெரிய நன்மை. ஆனால் ஆண்டுக்கொரு தரம் என்று பிள்ளையைத் துரத்துவது இசையை வெறுக்கப் பழக்குவதாகும்.

இலவசப் பியானோ

இலவசமாகக் கிடைக்கும் பழைய பியானோ இலவசமன்று. அதன் பாரம் ஏறக்குறைய இருநூறு கிலோ. தூக்கிச்செல்லும் கூலி, சுருதி கூட்டும் கூலி, அயலவரின் முறைப்பாடு எல்லாம் அதனுடன் வரும். உட்பலகையில் வெடிப்பு இருந்தால் திருத்தும் செலவு அதன் விலையை விஞ்சும். முகாம் மாறும் நாளில் அதை எவர் சுமப்பார்?

முதலாண்டுக்கு 61 கட்டைகளைக் கொண்ட மின் சுரப்பெட்டி ஒன்று போதும். மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தினால் உரத்தும் ஒலிப்பதாக அது இருக்கவேண்டும். காதுக் கருவி பொருத்தக்கூடியதாக இருந்தால் அறையில் மற்றவர் உறங்கும்போதும் பிள்ளை பழகலாம். பிள்ளை நிலைத்து நின்றபின், பியானோவின் பாரத்தையொத்த கட்டைகள் 88 உள்ள மின்பியானோவைப் பழையதாக வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம்.

வீட்டிலுள்ள இசையும் வெளியிலுள்ள இசையும்

மேலைத்தேய வாத்தியம் பழகினால் எமது சங்கீதம் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது. ஆகையாற் கமகம் அதில் வராது. கமகம் வேண்டுமாயின் வாய்ப்பாட்டும் வயலினும் வீணையுமே வழி. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்று எம் பாடகர்கள் சுருதியைச் சொல்வதே ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டுதான். அதே கட்டைகளே பியானோவிலும் இருக்கின்றன.

சரளிவரிசை பாடத்தெரிந்த தாய்மார் ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு கட்டையாகிய வெள்ளைக் கட்டையிற் ஸட்ஜத்தை வைத்து மாயாமாளவகௌளையை வாசியுங்கள். ரிஷபமும் தைவதமும் மட்டும் கறுப்புக் கட்டைகளில் விழும்; ஏனைய ஐந்து சுரங்களும் வெள்ளைக் கட்டைகளிலே வரும். பிள்ளை அதனைத் தன் ஆசிரியருக்கு வாசித்துக் காட்டட்டும். தாய் பாட, மகள் வாசிக்க, ஒரு வீட்டுக்குள் இரு மரபும் பழகும். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

தந்தையாருக்கு

ஷ்வேப்யிதாத் தந்தையாரின் கேள்விக்கு இனி நேராகப் பதில் சொல்வோம். மூன்றாம் முறையும் முகாம் மாற்றப்படலாம். அதற்காகத் தொடங்காமல் இருக்கவேண்டாம். பியானோவை எடுக்கவேண்டாம், ஆசிரியரைத் தேடுங்கள். குறிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கி, எந்த நூலில் எந்தப் பக்கம் வரை படித்தாள், எந்தப் பாடலை முடித்தாள், எது இன்னும் வசப்படவில்லை என்பவற்றை மாதந்தோறும் ஆசிரியரைக் கொண்டே எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். ஊர் மாறினால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் முதலிலிருந்து தொடங்கமாட்டார்.

2003 இல் யாங்கோனில் கீதமெய்ட் என்னும் இசை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இராணுவ ஆட்சி நடந்த நாட்டில், வசதி குன்றிய காலத்தில், அங்கே இளைஞர்கள் பியானோவும் குழுப்பாடலும் கற்றார்கள். நல்ல காலம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எமது பிள்ளைகளின் வயதும் எமது விண்ணப்பங்களின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஒன்பது வயதில் விரல் பழகுவதைப்போல் பத்தொன்பதிற் பழகாது.

வதிவிட உரிமை வந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிவைத்த காரியங்கள் எம் வீடுகளிற் பல. இதையும் அவற்றுடன் சேர்க்கவேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.