சும்மா படுத்திருப்பதன் அறிவியல்

1952-இல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் பம்பாய்க்கு வந்திருந்தார். களைத்துப் போயிருந்த அவரைப் பார்க்கப் புனேயிலிருந்து ஒரு யோகாசன ஆசிரியர் வந்தார். ஐந்து நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்று சொல்லிவிட்டார் மெனுஹின். வந்தவர் அவரைச் சவாசனத்தில் படுக்க வைத்தார். மெனுஹின் அப்படியே உறங்கிப்போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு எழுந்தவர், மேலும் இரண்டு மணி நேரம் அந்த ஆசிரியரை விடவில்லை. 1954-இல் சுவிட்சர்லாந்துக்கே வரவழைத்துக்கொண்டார். அந்த ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார். உடலை வில்லாக வளைக்கும் ஆசனங்களுக்காக உலகம் கொண்டாடிய ஒருவர், தன் மிகப் புகழ்பெற்ற மாணவரைப் படுக்க வைத்தே வென்றார்.

நலிந்த உடல் எப்படியிருக்கும் என்பது அய்யங்காருக்கு நன்றாகத் தெரியும். 1918-இல், இன்ஃபுளூயன்ஸா ஊரை வாரிக்கொண்டு போன நாட்களில், கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்தவர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று இளமை முழுக்கப் படுக்கையோடு போராடியவர். அக்காவின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் யோகம் கற்று, 1937-இல் புனேயில் ஆசிரியரானார். வளையாத முதுகும் வலிக்கிற முட்டியுமாக வந்தவர்களுக்கு நாற்காலி, மரக்கட்டை, திண்டு, பெல்ட், மடித்த போர்வை என்று எதையாவது முட்டுக்கொடுத்து ஆசனத்தைச் சாத்தியமாக்கினார். அவருடைய அமெரிக்க மாணவி ஜூடித் ஹான்சன் லாசட்டர் ஒரு பிசியோதெரபிஸ்ட். முட்டுக்கொடுத்துச் செய்யும் ஆசனங்களில் ஓய்வுக்கு உரியவற்றை மட்டும் தனியே எடுத்து வளர்த்து, 1995-இல் ஒரு நூலாகவே தந்தார். ரெஸ்டோரேடிவ் யோகா என்று இன்று அழைக்கப்படும் முறை இப்படித்தான் பரவியது. இதில் இழுப்பதில்லை, முறுக்குவதில்லை, வியர்ப்பதில்லை. ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முதல் இருபது நிமிடம் வரை அசையாமல் கிடப்பதுதான் பயிற்சி.

அதற்கு எதற்குத் திண்டும் போர்வையும், கட்டிலில் விழுந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை, சிகாகோவில் பணியாற்றிய எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவரின் ஆய்வில் இருக்கிறது. தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் வழிகளை அவர் உருவாக்கினார். ‘நான் நன்றாகத் தளர்ந்துவிட்டேன்’ என்று நம்பிப் படுத்திருப்பவர்களின் தசைகளிலும் மிச்ச இறுக்கம் இருப்பதை அவர் கண்டார். தாடை, நெற்றி, தோள், அடிவயிறு ஆகியவை நமக்கே தெரியாமல் எதையோ பிடித்துக்கொண்டிருக்கின்றன. தசைக்குள்ளே இருக்கும் உணரிகள் அந்த இறுக்கத்தை ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விழிப்பைக் கட்டிக்காக்கும் மூளைத்தண்டுப் பகுதிக்கும் உடலிலிருந்து செய்திகள் போய்க்கொண்டே இருக்கும். முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டு வைத்தால் இடுப்பின் முன்பக்கத் தசைகளுக்கு வேலை குறைகிறது. கைகளுக்கு அடியில் மடித்த துண்டை வைத்தால் தோள் எதையும் தாங்க வேண்டியதில்லை. தரைக்கும் உடலுக்கும் நடுவே எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் எதையாவது நிரப்புவதே இந்த முறையின் நுட்பம். பார்க்க எளிமையாக இருக்கும் இந்தக் காரியத்தில் அரை அங்குல உயரம்கூட வித்தியாசம் காட்டும்.

தசையை விட்டு இதயத்துக்கு வருவோம். ஓய்வு என்றால் எஞ்சின் அணைந்துபோவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உடலின் கணக்கு வேறு. நரம்புகளின் பிடியில்லாமல் தன்பாட்டுக்கு விட்டால், இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் நரம்புகள் அறுபடுவதால், அவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் நாடி வேகமாகவே இருக்கும். மற்றவர்களுக்கு ஓய்வில் எழுபது எழுபத்தைந்தாகக் குறைவது எப்படி? மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயத்தையும் நுரையீரலையும் குடலையும் தொடும் வேகஸ் நரம்பு, இதயத்தைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்தக் கடிவாளத்தின் வேதிப்பொருளை 1921-இல் ஆட்டோ லூவி தவளை இதயங்களில் நிரூபித்தார். ஒரு இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். இரண்டாவது இதயமும் நிதானமடைந்தது. அசிட்டைல்கோலின் என்று பின்னர் அடையாளம் காணப்பட்ட அந்தப் பொருள் அவருக்கு 1936-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஆக, அமைதி என்பது உடல் முயன்று செய்கிற காரியம். அந்த முயற்சிக்கு நாம் இடம் தருகிறோமா என்பதுதான் கேள்வி.

இடம் தரும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது விபரீத கரணி. சுவரோரமாகப் படுத்து, இடுப்புக்கு அடியில் தாழ்வாக ஒரு போர்வையை மடித்து வைத்து, இரு கால்களையும் சுவரில் மேல்நோக்கிச் சாய்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிறு, கால்கள் பக்கம் இறங்கிவிடுகிறது. கால்களை உயர்த்தினால் அதில் ஒரு பங்கு மார்புக்குத் திரும்புகிறது. மயங்கி விழுந்தவரின் காலைத் தூக்கிப் பிடிப்பதும் இதனால்தான். இதயத்திலும் பெருந்தமனியிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இந்த வரவை உடனே கவனிக்கின்றன. ‘இங்கே தேவைக்கு ரத்தம் இருக்கிறது, அவசரம் வேண்டாம்’ என்பது அவை மூளைத்தண்டுக்கு அனுப்பும் செய்தி. மூளைத்தண்டு, உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளைத் தணித்து வேகஸைத் தூண்டுகிறது. நாடி இறங்குகிறது, தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சற்று நேரத்தில் உடல் குளிர்வதுபோல் இருக்கிறது. மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

மூச்சும் இதில் கூட்டாளி. மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. 2001-இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீன் ஜெபமாலை சொல்லவும், பௌத்த மந்திரம் ஓதவும் செய்து அளந்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. அழுத்த உணரிகளின் கூர்மையும் கூடியது. நல்ல முட்டுக்கொடுப்போடு படுத்திருக்கையில் வயிறு தடையின்றி ஏறி இறங்குவதால், எண்ணிக்கொண்டிராமலே மூச்சு நீள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உடல் எப்படி இயங்குகிறது என்பது. மாதக்கணக்கில் செய்தால் என்ன கிடைக்கும்? கலிஃபோர்னியாவில் வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள 180 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரெஸ்டோரேடிவ் யோகாவும் இன்னொரு குழுவுக்குத் தசை நீட்டும் பயிற்சியும் ஓராண்டுக் காலம் தந்தார்கள். முடிவுகள் 2014-இல் வந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரை யோகா குழுவில் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் மன அழுத்தமும், அதோடு பிணைந்த கார்டிசால் ஹார்மோனும் கூடுதலாகக் குறைந்தது தசை நீட்டிய குழுவில்! அந்தக் குழுவில், தன்னோடு நிற்க ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு கூடியவர்களுக்குப் பலனும் கூடியிருந்ததை ஆய்வாளர்கள் குறித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியே படுத்திருப்பவர்களுக்கு அந்தத் துணை கிடைக்க வாய்ப்புக் குறைவு.

இந்த முடிவை மறைத்துவிட்டு ‘கார்டிசாலை விரட்டும் யோகா’ என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டாம். இதற்காக இந்த முறையைத் தள்ளிவிடுவதும் சரியில்லை என்பேன். இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், கீமோதெரபிக்கு நடுவே துவண்டிருப்பவர், பிரசவம் முடிந்து மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட தாய் ஆகியோரிடம் போய், ‘எழுந்து உடற்பயிற்சி செய்’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர்கள் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று வேண்டும். நம் ஊர் யோகா வகுப்புகள் பலவற்றில் முக்கால் மணி நேரம் வளைத்துவிட்டுச் சவாசனத்துக்கு இரண்டே நிமிடம் தருகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தாடை இறுக்கம்கூட அவிழாது. அதைப் பதினைந்தாக நீட்டச் சொல்லி மாணவர்களே கேட்க வேண்டும்.

வீட்டில் செய்வதற்கு ஒரு ஜமக்காளமும் இரண்டு தலையணையும் சுவரும் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்கள் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தும் என்பதால், இடப்பக்கம் ஒருக்களித்துத் திண்டை அணைத்துக்கொள்ளலாம். கண்நீர் அழுத்த நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் காலை உயர்த்தும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கண்ணை மூடி அசையாமல் கிடந்தால் பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. கடுமையான அதிர்ச்சிகளைக் கடந்து வந்தவர்களுக்கு இது நேர்வது புதிதல்ல. அவர்கள் கண்ணைத் திறந்தபடி, விளக்கை அணைக்காமல், மூன்று நான்கு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் ஒத்துவராவிட்டால், ஒரு நண்பரோடு சேர்ந்து கைகால்களை நீட்டி மடக்குவது அவர்களுக்கு இதைவிட நல்ல ஓய்வு.