மருத்துவப் பதிவும் கணனியும்: உழைப்பு நிலைநின்று ஒரு நோக்கு

வைத்தியசாலைகளிற் கணனிவழி மருத்துவப் பதிவேடுகள் புகுத்தப்படும்போது எழும் முறைப்பாடுகள் பெரும்பாலும் திரையின் அமைப்புப் பற்றியனவாகவோ, பயன்படுத்துவோரின் பயிற்சிக் குறைவு பற்றியனவாகவோ கொள்ளப்படுகின்றன. இது பிரச்சினையின் வெளித்தோற்றத்தை மட்டும் காண்பதாகும். அக்கருவி எவருடைய தேவையைக் கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டது என்ற வினாவே முதன்மையானது.

இவ்வகையில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று விரிவாக நோக்கத்தக்கது. சமூகவியலாளரான றொஸ் கொப்பலும் அவருடன் பணியாற்றியோரும் ஐக்கிய அமெரிக்காவின் போதனா வைத்தியசாலையொன்றில் மருந்துகளைக் கணனிவழி விதிக்கும் முறையை ஆராய்ந்து, அம்முறையே இடமளித்த 22 வகையான தவறுகளை இனங்கண்டனர். ஒரு நோயாளியின் மருந்துகள் அனைத்தையும் காண்பதற்குச் சிலவேளை 20 திரைகள்வரை பார்க்கவேண்டியிருந்தது. ஆயின் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது வேறொன்று. திரையிற் காட்டப்பட்ட மருந்தளவுகளை இளம் வைத்தியர்கள் வழமையாக விதிக்கும் அளவுகளெனக் கொண்டனர். உண்மையில் அவை மருந்தகம் கொள்வனவு செய்து களஞ்சியப்படுத்திய அளவுகளேயாம். 20 அல்லது 30 மில்லிகிராம் தேவைப்படும் மருந்து 10 மில்லிகிராம் அலகுகளாகக் களஞ்சியத்தில் இருப்பின், திரையிலும் 10 என்றே தோன்றும்; அதுவே போதிய அளவென வைத்தியர் மயங்குதல் இயல்பே. களஞ்சியத்தின் கணக்கு நோயாளியின் படுக்கையருகே மருத்துவ அறிவாக வேடம்பூண்டு நிற்கின்றது. (ஒரு பிரதி எச்சூழலில் ஆக்கப்பட்டது என்பதை அறியாது அதனைப் படித்து மயங்குதல் இலக்கிய மாணவருக்குப் புதிதன்று.)

2009ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் அந்நாட்டரசு பெருந்தொகை ஊக்கப்பணம் வழங்கியதைத் தொடர்ந்து இப்பதிவேடுகள் விரைந்து பரவின. வாங்குவது நிர்வாகம், பயன்படுத்துவோர் வைத்தியரும் தாதியரும். கட்டணம் அறவிடுவதற்கு வேண்டிய விபரங்களை நிரப்பும் வேலையும் இவர்கள் தலையிலேயே விழுந்தது. நோயாளரை நேரிற் பார்வையிடும் ஒவ்வொரு மணித்தியாலத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களை வைத்தியர் கணனியிலும் மேசைப்பணியிலும் செலவிட்டனர் என 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

மாற்றுவழி இருந்ததில்லை எனக் கூறுதற்கில்லை. பின்னர் விஸ்ரா எனப் பெயர்பெற்ற முறைமை, அமெரிக்காவின் முன்னாட் படையினருக்கான வைத்தியசாலைகளில் 1970களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கியது. தலைமை அலுவலகத்தின் எதிர்ப்பினிடையே, வைத்தியருக்கு அருகிருந்து பணியாற்றிய நிரலாளர்கள் அதனைப் பகுதி பகுதியாக வளர்த்தனர். பயன்படுத்துவோரின் குறை ஆக்குவோரின் காதில் உடனே விழுந்தது என்பதே அதன் வலிமை. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபட்டு வளர்ந்தமையால் அதனைப் பேணுதல் கடினமாயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை. 2018இல், அதற்குப் பதிலாக வர்த்தக முறைமையொன்றை வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2020இல் அதனை நிறுவும் பணி தொடங்கிற்று. நோயாளரின் பாதுகாப்புக் குறித்த கவலைகள் எழ, 2023இல் அப்பணி பெரும்பாலும் இடைநிறுத்தப்பட்டது.