எரிச்சலுக்குப் பெயர் சொல்லுங்கள்

கோபத்தைக் கொட்டிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று நம்பாதவர் குறைவு. இந்த நம்பிக்கையை அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிராட் புஷ்மன் சோதித்துப் பார்த்தார். ஆய்வு 2002-இல் வெளியானது. 600 மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, அதைக் கடுமையாக மட்டம்தட்டிக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் மட்டம்தட்டியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, கூடியிருந்தது. சும்மா இருந்தவர்களே அமைதியாக இருந்தார்கள்.

அதற்காகக் கோபத்தை முகத்தில் காட்டாமல் விழுங்கிவிடுவதும் நல்லதல்ல. உணர்ச்சியை மறைக்கும்போது உடலின் பதற்றம் கூடுவதை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

கொட்டவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? வந்திருக்கும் உணர்ச்சியைக் கவனித்து, அதற்குப் பெயர் சொல்லலாம். சிக்னலில் பச்சை விழுந்த நொடியே பின்னால் ஹாரன் அலறுகிறது. மூளையின் அமிக்டலா அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. அப்போது மனதுக்குள் ‘எரிச்சல் வருகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாத்யூ லீபர்மன் குழு, 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 30 பேருக்குக் கோபமும் அச்சமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தது. அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நிதானத்துக்கு உதவும் முன்மூளைப் பகுதி ஒன்று சுறுசுறுப்பானது.

நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் இந்தப் பழக்கத்துக்குத்தான் மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர். பௌத்தத் தியான மரபில் வேரூன்றிய இதை, ஜான் கபட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியால் அவதிப்பட்டவர்களுக்கான பயிற்சியாக வடிவமைத்தார்.

எரிச்சல் எழும்போது முதலில் உடலைக் கவனியுங்கள்: தாடை இறுகியிருக்கிறதா, தோள் உயர்ந்திருக்கிறதா? பிறகு மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது. அதன் பிறகு உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள். பதில் பேசுவது கடைசியில்தான்.

இது சர்வரோக நிவாரணி அல்ல. 47 ஆய்வுகளை அலசி 2014-இல் வெளிவந்த மதிப்பாய்வு, தியானப் பயிற்சிகள் மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைப்பதாகச் சொன்னது. உடற்பயிற்சி, மருந்து போன்ற சிகிச்சைகளைவிட மேலானவை என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அநியாயத்தைச் சகித்துக்கொள்ளவும் இந்தப் பயிற்சி சொல்லவில்லை. வரிசையில் குறுக்கே நுழைபவரைத் தாராளமாகத் தட்டிக் கேளுங்கள். உள்ளே எழுந்த கோபத்தை அடையாளம் கண்டபின் கேட்டால், பேச்சு சண்டையாகாமல், சொல்ல வந்த நியாயம் அவர் காதில் விழும்.