பக்கத்து நிறம் செய்யும் வேலை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் சாயம் ஏற்றிய தோலை ஷேடு கார்டோடு ஒப்பிடும்போது டியூப்லைட் வெளிச்சத்தை மட்டும் நம்பிவிட முடியாது. அதன் கீழ் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தோல்கள் வெயிலில் இருவேறு பழுப்பாகிவிடும். சாயக் கலவை வேறானால் அது ஒளியை உறிஞ்சும் விதமும் வேறு. சில விளக்குகளின் கீழ் அந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது. பகலொளிக்கு ஈடான 6500 கெல்வின் விளக்குப் பெட்டி இதற்காகவே இருக்கிறது. அடிநிறமும் சும்மா இருப்பதில்லை. குரோமில் பதனிட்ட தோல் ‘வெட் புளூ’ என்ற வெளிர்நீலத்தில் வரும். ஆவாரம்பட்டையில் பதனிட்டது இளம்பழுப்பில் வரும். ஒரே சிவப்புச் சாயம் இரண்டிலும் இரண்டு சிவப்பாகும்.

வாழ்த்து அட்டை செய்பவர்களுக்கும் இந்தக் கண் வேண்டும். ஐரிஸ் மடிப்பு நெதர்லாந்தில் பிறந்த கைவேலை. அட்டையில் ஒரு வடிவத்தை வெட்டியெடுத்து, நீளவாக்கில் மடித்த காகிதப் பட்டைகளைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டே போகவேண்டும். திருப்பினால், கேமராவில் ஒளியைக் கட்டுப்படுத்தும் ஐரிஸ் தகடுகளைப் போல ஒரு சுழல் தெரியும். பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு பட்டையிலும் வெளியே தெரிவது சில மில்லிமீட்டர்தான். பெரிய பூப்போட்ட பரிசுத்தாள் இங்கே வீண். பூ துண்டுபட்டுக் கறையாகத்தான் மிஞ்சும். பொடிக்கோடு, பொடிக்கட்டம், புள்ளி போன்றவையே எடுபடும். உள்ளிருக்கும் கடிதத்தை வெளியிலிருந்து யாரும் படித்துவிடாதபடி தபால் உறைகளின் உட்புறத்தில் நெருக்கமாக அச்சிடுகிறார்களே, அந்தக் காகிதம் இதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். அவ்வளவு பொடி வடிவத்தைச் சற்றுத் தள்ளிநின்று பார்த்தால், கோடும் வெள்ளையும் கலந்து ஒரே மெல்லிய நிறமாகிவிடும்.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது? 1824இல் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். கருப்பு நூலில் அழுத்தம் இல்லை என்ற புகார் அவரிடம் வந்தது. சோதித்ததில் சாயத்தில் குறையே இல்லை. அருகில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை வெளிறச் செய்திருந்தன. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839இல் பெரிய நூலே எழுதினார். பக்கத்து நிறம் மாறினால் நம் கண்ணுக்கு இந்த நிறமும் மாறிவிடுகிறது.

என்னைக் கேட்டால், சிவப்பா பச்சையா என்பதைவிட எது வெளிர், எது அடர் என்பதே சுழலுக்கு முக்கியம். நுணுக்கமான விளிம்புகளை நம் பார்வை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே பிரிக்கிறது. வெளிர், நடுத்தரம், அடர் என மூன்று காகிதங்களை ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப ஒட்டினால் சுழல் தானாக எழும். ஒட்டும்முன் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் வைத்து, செல்போனில் கருப்பு வெள்ளையாகப் படமெடுங்கள். அவற்றில் எந்த இரண்டு ஒரே சாம்பலாகத் தெரிந்தாலும் ஒன்றை மாற்றிவிடுங்கள்.