வரைபலகை முதல் குழந்தைகள் அறை வரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், பணியிட மாறுதலில் அகமதாபாத் நகரக் கிளையொன்றில் கடன் பிரிவைக் கவனித்து வந்தேன். அப்போது 24 பேர் பணிபுரியும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்று, தான் வாடகைக்கு எடுத்திருந்த புதிய அலுவலகத்தை அமைத்துக்கொள்ள 24 லட்சம் ரூபாய் தவணைக் கடன் கேட்டு விண்ணப்பித்தது. இணைக்கப்பட்டிருந்த விலைப்புள்ளிகளில் மேசை, நாற்காலி, கணினி ஆகியவற்றோடு வரவேற்புக் கூடத்திற்குப் பளிங்குத் தரை, மாதிரி வடிவங்கள் செய்வதற்கான தனியறை, உணவருந்தும் இடம், அமைதி அறை, குழந்தைகள் அறை என நீண்ட பட்டியல் இருந்தது. வணிகவியல் படித்தவன் செய்வதையே நானும் செய்தேன். வருவாய் ஈட்டாதவை என்று எனக்குத் தோன்றிய இனங்களின் எதிரே பென்சிலால் கேள்விக்குறி இட்டேன். குழந்தைகள் அறைக்குப் பெரிய கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிகளில் சில தவறான இடத்தில் விழுந்தவை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். சொந்தத் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலரும் என்றேனும் ஒரு நாள் அலுவலகத்தைப் புதுப்பிக்க எண்ணுவர். அப்போது எதற்குச் செலவிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று முடிவு செய்ய இக்கட்டுரை பயன்படக்கூடும்.

வரைபலகைக் காலம்

கட்டடக் கலைஞரின் அலுவலகம் என்றால் ஒரு காலத்தில் சாய்ந்த வரைபலகைகளும், டி வடிவ அளவுகோல்களும், டிரேசிங் தாள் சுருள்களுமே கண்ணில் படும். படியெடுக்கும் இயந்திரத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். நின்றுகொண்டோ உயரமான முக்காலியில் அமர்ந்தோ வரைவார்கள். வடக்கு நோக்கிய பெரிய சன்னல் அன்று இன்றியமையாத வசதியாகக் கருதப்பட்டது. நேர்வெயில் பெரும்பாலும் விழாமல் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீரான வெளிச்சம் தருவது வடதிசையே என்பதே காரணம்.

1982-ஆம் ஆண்டு ஆட்டோகேட் என்னும் வரைகலை மென்பொருள் வெளிவந்தது. பின்னர் கணினி பரவலானதும் வரைபலகைகள் மறைந்தன. இடத்தேவை குறைந்தது, ஆனால் வேறு தேவைகள் முளைத்தன. கணினிகள் வெளிவிடும் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் வேண்டும். தாளுக்கு நன்மை செய்த சன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. நின்றும் நடந்தும் வேலை செய்தவர்கள் நாள் முழுதும் ஒரே நாற்காலியில் முடங்கினர். முதுகுவலியும் கழுத்துவலியும் உடன் வந்தன. கருவி மாறினால் அறையும் மாற வேண்டும் என்பதைப் பல நிறுவனங்கள் காலந்தாழ்த்தியே உணர்ந்தன.

உலகம் கண்ட சோதனைகள்

அலுவலக வசதிகள் பற்றிய சிந்தனை இன்று தோன்றியதன்று. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட லார்கின் நிறுவனக் கட்டடத்தில், மேற்கூரை வழியே ஒளி இறங்கும் நடுக்கூடத்தைச் சுற்றி எழுத்தர்கள் பணிபுரிந்தனர். உணவகமும் நூலகமும் அக்கட்டடத்திலேயே இருந்தன. நிறுவனம் நலிந்தபின் 1950-இல் அது இடிக்கப்பட்டது.

1950-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் குவிக்போர்னர் குழுவினர், வரிசை வரிசையான மேசைகளைக் கலைத்து, செடிகளும் சிறு தடுப்புகளும் இடையிட்ட திறந்த கூடத்தை அறிமுகப்படுத்தினர். 1960-களில் ஹெர்மன் மில்லர் நிறுவனத்திற்காக ராபர்ட் புரொப்ஸ்ட், பணியாளர் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கத்தக்க தட்டிகளையும் மேசைகளையும் உருவாக்கினார். நிறுவனங்களோ அவற்றைக் கொண்டு, குறைந்த இடத்தில் அதிகம் பேரை அமர்த்தும் சிறு கூண்டுகளை அமைத்துக்கொண்டன. நல்ல நோக்கம் கொண்ட வடிவமைப்பும் சிக்கனக் கணக்கின் கையில் சிக்கி உருமாறும் என்பதற்கு இது சான்று.

கூண்டுகளை அகற்றிய திறந்த கூடங்களும் எதிர்பார்த்த பலனை எப்போதும் தரவில்லை. ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இரு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தலைமையகங்களில் திறந்த கூடத்திற்கு மாறியபின், நேரில் பேசிக்கொள்வது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. மின்னஞ்சல் போக்குவரத்தோ அதிகரித்தது. எல்லோர் பார்வையிலும் அமர்ந்திருப்பவர்கள் தமக்குள் ஒரு வேலியை எழுப்பிக்கொள்கின்றனர் போலும். அமைதி அறை, தொலைபேசியில் பேசுவதற்கான சிற்றறை முதலியவை அண்மைக்கால வடிவமைப்புகளில் இடம்பெறுவதற்கு இத்தகைய பட்டறிவே காரணம். 2020-இன் பெருந்தொற்றுக்குப் பிறகு, சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணிபுரியும் முறை பரவியதால், ஆளுக்கொரு மேசை என்னும் வழக்கமும் சில இடங்களில் தளர்ந்துள்ளது.

சங்கத் கற்பிக்கும் பாடம்

கட்டடக்கலை நிறுவனம் தனக்கென அலுவலகம் கட்டிக்கொண்டால் எப்படியிருக்கும் என்பதற்கு, அகமதாபாத்திலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. 1980-ஆம் ஆண்டையொட்டி பாலகிருஷ்ண தோஷி தம் பணியிடமாகக் கட்டிய 'சங்கத்' அது. சேர்ந்து இயங்குதல் என்பது அப்பெயரின் பொருள். 1927-இல் புனேயில் பிறந்த தோஷி, இளமையில் பாரிஸ் நகரில் லெ கார்பூசியேயிடம் பணியாற்றியவர். கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகப் போற்றப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2018-இல் பெற்ற முதல் இந்தியர். 2023-இல் மறைந்தார்.

சங்கத்தின் பெரும்பகுதி தரைமட்டத்திற்குக் கீழே பாதி இறங்கியிருக்கிறது. சுற்றியுள்ள மண் வெப்பத்தைத் தாங்கிக்கொள்கிறது. மேலே அரைவட்ட வளைவுக் கூரைகள். அவற்றின் மீது உடைந்த வெள்ளைப் பீங்கான் துண்டுகள் பதிக்கப்பட்டிருப்பதால் வெயில் திருப்பியனுப்பப்படுகிறது. கூரையில் விழும் மழைநீர் கால்வாய்கள் வழியே வழிந்து நீர்த்தொட்டிகளைச் சேர்கிறது. வெளியே புல் படர்ந்த படிகள் திறந்தவெளி அரங்காக அமைந்து, கூடிப் பேச இடந்தருகின்றன.

கோடையில் 40 பாகையை எளிதில் கடக்கும் ஊர் அது. கடும் வெப்ப அலையை எதிர்கொள்ள 2013-இலேயே தனிச் செயல்திட்டம் வகுத்த மாநகராட்சி அகமதாபாத் மாநகராட்சி. அத்தகைய ஊரில், பணியாளருக்கான முதன்மை வசதியான குளுமையைத் தோஷி கட்டடத்தின் வடிவத்திற்குள்ளேயே வைத்துவிட்டார். வாடகைக் கட்டடத்தில் இருப்போர்க்கு இவ்வளவு இயலாது. எனினும் மொட்டைமாடிக்கு வெண்பூச்சு, மேற்குச் சன்னலுக்கு வெளிப்புற மறைப்பு, குறுக்குக் காற்றோட்டம் ஆகிய மூன்றையும் எவரும் ஆராயலாம். இவை மின்கட்டணத்திலும் எதிரொலிக்கும்.

ஒரு குழந்தைகள் அறையின் கணக்கு

இனி அந்தக் கடன் விண்ணப்பத்திற்கு வருவோம். இடத்தைப் பார்வையிடச் சென்றபோது நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரரான அம்மையாரிடம் என் கேள்விகளை வைத்தேன். மாதிரி வடிவங்கள் செய்யும் அறை எதற்கு என்றேன். பழைய அலுவலகத்தின் ஒரு மூலைக்கு அழைத்துச் சென்றார். மரத்தூளும் பசை நெடியும் பரவிய அவ்விடத்திற்கு இரண்டடி தள்ளி, ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியை அங்கேயே அழித்தேன்.

குழந்தைகள் அறை பற்றிக் கேட்டேன். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியதோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம் என்றும் வகை செய்தது. 24 பேர் உள்ள நிறுவனத்திற்கு அக்கட்டாயம் இல்லை என்பதை எடுத்துக்கூறினேன். அந்நகரில் ஆண்களைப் 'பாய்' என்று, அதாவது சகோதரர் என்று அழைப்பது வழக்கம். "பாய், இரண்டு ஆண்டில் மூன்று பெண்கள் குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டார்கள். மூவரும் ஐந்தாறு ஆண்டு என்னிடம் பழகியவர்கள். ஒருவர் போனபின் ஒரு மருத்துவமனை வரைபடத்தை முதலிலிருந்து தொடங்கினோம். அந்தத் தாமதத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. மாலையில் கணக்கிட்டுப் பார்த்தேன். குழந்தைகள் அறைக்குக் காட்டியிருந்த தொகை 1,50,000 ரூபாய். அதை 24 பணியாளர்க்கும் கடன் காலமான 60 மாதங்களுக்கும் பகிர்ந்தால், வட்டி நீங்கலாக ஒருவர்க்கு மாதம் 104 ரூபாய். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரின் ஊதியம் தனி. அதையும் சேர்த்தாலும், பழகிய ஒரு பணியாளரை இழந்து புதியவரைத் தேடிப் பயிற்றுவிக்கும் செலவோடு ஒப்பிடுகையில் அது பெரிதாகத் தோன்றவில்லை.

கவனிக்க வேண்டிய நான்கு செய்திகள்

முதலாவது, வாடகை ஒப்பந்தத்தின் காலம். அந்நிறுவனத்தின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கே இருந்தது. கேட்ட கடனோ ஐந்து ஆண்டுக்கு. 24 லட்சத்தை 60 மாதத்திற்குப் பகிர்ந்தால் ஒருவர்க்கு மாதம் 1,667 ரூபாய். 36 மாதத்தில் வெளியேற நேர்ந்தால் அதுவே 2,778 ரூபாய். ஆகவே ஒப்பந்தக் காலத்தை நீட்டுமாறு கேட்டோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாவது, எடுத்துச் செல்லக்கூடியவை எவை, சுவரோடு தங்கிவிடுபவை எவை எனப் பிரித்தல். நாற்காலி உடன் வரும். பளிங்குத் தரை வாராது.

மூன்றாவது, தேய்மானம். வருமான வரி விதிகளில் மரச்சாமான்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடும் கணினிகளுக்கு 40 விழுக்காடும் தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. விலைப்புள்ளிகளை இனவாரியாகப் பெற்றால் தணிக்கையாளரின் பணி எளிதாகும்.

நான்காவது, தவணை. கட்டடக் கலைஞர்க்குக் கட்டணம் வேலையின் கட்டங்களை ஒட்டியே வரும். மாதந்தோறும் சீராக வாராது. இவ்வாறு வருவாய் ஏறியிறங்கும் தொழிலில் இருப்போர், சில மாதத் தவணைக்கு ஈடான தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு கடன் பெறுவதே பாதுகாப்பு.

இவற்றைப் பேசி முடித்தபின், அம்மையாரே வரவேற்புக் கூடத்தின் பளிங்குத் தரையை நீக்கினார். வேறு சில அலங்காரங்களும் குறைந்தன. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு மாற்றிப் பதிவு செய்யப்பட்டது. 18 லட்சம் ரூபாய் கடன் வழங்கப்பட்டது. குழந்தைகள் அறை பட்டியலில் தங்கியது.

ஓராண்டு கழித்து, கடனுக்குப் பிந்தைய ஆய்வுக்குச் சென்றேன். திட்டமிட்டவை அனைத்தும் திட்டப்படி நடந்துவிடவில்லை. அமைதி அறையில் ஓடு, மரம், கல் ஆகியவற்றின் மாதிரிகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கென ஓர் அலமாரி தேவை என்பதை யாரும் முன்கூட்டி எண்ணவில்லை. உணவருந்தும் இடத்து நீள்மேசையில் வரைபடங்களை விரித்துக் கலந்துரையாடிக்கொண்டிருந்தனர். குழந்தைகள் அறையில் இரண்டு குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் ஓர் இளம் தாய் கணினியில் படிக்கட்டு ஒன்றின் அளவைத் திருத்திக்கொண்டிருந்தார். விடுப்பு முடிந்து திரும்பி வந்தவர் அவர் என்று அம்மையார் சொன்னார். அவ்வாண்டில் அந்நிறுவனத்திலிருந்து எவரும் விலகவில்லை, தவணையும் தவறவில்லை.

அலுவலகத்தைப் புதுப்பிக்க எண்ணும் வாடிக்கையாளர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. விலைப்புள்ளி வாங்கும் முன்னர், உங்களிடம் பணிபுரிவோரை ஒருவர் ஒருவராக அழைத்து, அவர்கள் வேலைக்கு எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பட்டியலோடு வங்கிக்கு வாருங்கள். எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி பென்சிலை எடுத்தால், விளக்கம் சொல்ல உங்களிடம் காரணம் இருக்கும்.